விலாசப் பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது நேரும் பிழைகள்

நாட்டின் முதலாவது கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துத் திரூரில் தொடங்கப்பெற்றது என்பதை அங்கத்தினர்களில் பலர் அறிவர். அந்நாளில் அவ்வூர் செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தது. ஒருவரையொருவர் முகமறிந்தவர்கள் கூடி நடத்தும் சிறு சங்கத்துக்கு விலாசப் பட்டியல் என்று தனியே ஒன்று வேண்டியதில்லை. கூட்டம் என்றால் ஆளை அனுப்பிச் சொல்லிவிடலாம். நூல் வந்துவிட்டது என்றால் தெருவுக்குத் தெரிந்துவிடும். இன்றைய நிலைமை வேறு. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் அங்கத்தினர்கள் எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம், கவரைப்பேட்டை என்று பல ஊர்களில் பரவியிருக்கின்றனர். நிலம் வைத்திருப்பவரே சிப்காட் தொழிற்பேட்டையில் முறை வேலைக்குச் செல்கிறார். பகலில் கதவைத் தட்டினால் ஆள் கிடைப்பதில்லை. ஆகவே உரம் வந்த செய்தியும், பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளும், தீபாவளித் தள்ளுபடி விற்பனையும் கைபேசிக் குறுஞ்செய்தியாகவே சென்று சேர வேண்டியிருக்கிறது.

இச்செய்திகளை அனுப்புவதற்கென விற்பனை மென்பொருள்கள் பல உள்ளன. சங்கத்திலோ பெயர்களும் எண்களும் எக்செல் போன்ற விரிதாளில் இருக்கின்றன. விரிதாளை மென்பொருளுக்குள் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு எளிது. ஆனால் அண்மையில் நாம் ஆய்வுக்குச் சென்ற சங்கங்களில் காரியதரிசிகள் நம்மிடம் அடுக்கிய குறைகளில் இதைப் போல் அடிக்கடி வந்தது வேறொன்றில்லை. எண் ஏறவில்லை, தமிழ் சிதைந்துவிட்டது, ஒருவருக்குப் போக வேண்டியது மற்றொருவருக்குப் போயிற்று என்கிறார்கள். எல்லாரும் முடிவாகச் சொல்வது மென்பொருள் சரியில்லை என்பதே. நம் அனுபவத்தில் குற்றம் பெரும்பாலும் மென்பொருளில் இருப்பதில்லை. நாம் அதற்குக் கொடுத்த தாளில் இருக்கிறது. தாள் பழுதாயிருந்தால் எத்தனை விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும் அதே பழுதுதான் வேறு நிறத்தில் வரும்.

2022 ஜூன் 29ஆம் தேதி மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கைப்பிரதியாக இருந்த பதிவேடுகள் கோப்புகளாக மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. இன்று ஒரு தாளில் புகும் பிழை நாளை பத்துத் தாள்களில் பிரதியாகிவிடும். ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

கணக்கு நேர்கிறதா?

முதற்கண் பார்க்க வேண்டியது எழுத்தையும் அன்று, எண்ணையும் அன்று, தொகையை. கூட்டுறவுச் சங்கத்தாருக்கு இது புதிதல்ல. முன்னிருப்பு, வரவு, செலவு, கையிருப்பு நேர்ந்தால்தான் அன்றைய சிட்டாவில் கையொப்பம் இடுகிறோம். பட்டியலை ஏற்றும்போது மட்டும் அவ்வழக்கத்தை மறந்துவிடுகிறோம்.

ஒரு நெசவாளர் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் 843 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியலை ஏற்றி முடித்ததும் மென்பொருள் ஒரு சிறு அறிக்கை காட்டும்: 781 சேர்க்கப்பட்டன, 40 திருத்தப்பட்டன, 22 தவிர்க்கப்பட்டன. கூட்டிப் பார்த்தால் 843 வருகிறது. எழுத்தர் மகிழ்ச்சியோடு திரையை மூடிவிடுகிறார். உண்மையில் மென்பொருளுக்குள் இருப்பவர் 781 பேர்தாம். 62 பேர் விடுபட்டுவிட்டனர். தவிர்க்கப்பட்ட 22 பேரையாவது ஒருவர் விசாரிக்கக்கூடும். ‘திருத்தப்பட்டன’ என்னும் சொல் நல்ல சொல்லாக இருப்பதால் அந்த 40 பேரை யாரும் விசாரிப்பதில்லை.

சத்தமில்லாமல் வரிகள் விடுபடுவது பெரிய நாடுகளிலும் நேர்ந்திருக்கிறது. கொரோனா நோய் பரவியிருந்த 2020ஆம் ஆண்டில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில், இங்கிலாந்தில் நோய் உறுதியான 15,841 பேரின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போயிற்று. எக்செலின் பழைய வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேற்பட்டவை அப்படியே உதிர்ந்துவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமாயிற்று. நம் சங்கங்களின் பட்டியல் அந்த எல்லையை எட்டப் போவதில்லை. ஆயினும் கோப்பு எச்சரிக்கவில்லை, பார்த்தவர்களும் தொகையை ஒப்பிடவில்லை என்ற இரண்டும் நமக்கும் பொருந்தும்.

ஒரே கைபேசி, இரண்டு அங்கத்தினர்

மேற்சொன்ன 40 பேர் யார்? இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விற்பனை மென்பொருள்கள் வெளிநாட்டு வணிகர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. ஆளுக்கு ஒரு கைபேசி, ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் என்பது அவற்றின் துணிபு. ஆகவே கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ ஆளை அடையாளம் காட்டும் திறவுகோலாகக் கொள்கின்றன. ஒரே எண் இரண்டாவது முறை வந்தால், ‘இவர் முன்பே இருக்கிறார்; விவரத்தைப் புதுப்பிக்கிறார்கள்’ என்று கொண்டு, முதலில் இருந்தவரின் மேலேயே இரண்டாமவரை எழுதிவிடுகின்றன.

நெசவு வீட்டில் கணவனும் மனைவியும் தனித்தனி அங்கத்தினராக இருப்பதும், வீட்டுக்கு ஒரே கைபேசி இருப்பதும் நாம் அறிந்ததே. பட்டியலில் இருவருக்கும் அதே எண். அங்கத்தினர் எண் வரிசைப்படி ஏற்றினால் பின்னால் சேர்ந்தவர் முன்னவரை அழித்துவிடுவார். எதிர்வரிசையில் ஏற்றினால் இவர் அழிவார். அதனினும் விபரீதம் ஒன்றுண்டு. இரண்டாவது வரியில் சில கட்டங்கள் வெற்றாக இருந்தால், பல மென்பொருள்கள் வெற்றுக் கட்டத்தால் பழையதை அழிப்பதில்லை. அப்போது கணவன் பெயரும் மனைவியின் அங்கத்தினர் எண்ணும் கொண்ட, உலகத்தில் எங்கும் இல்லாத ஓர் அங்கத்தினர் பிறந்துவிடுகிறார்! கூலி வங்கியில் செலுத்தப்பட்ட செய்தி அவருக்குப் போகும். யாருடைய கூலி, எவ்வளவு என்று வீட்டில் இருவரும் விழிப்பார்கள்.

இவ்வாறு மறைந்துபோகிறவர்களில் பெண் அங்கத்தினர்களே மிகுதி என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தம் பெயரில் கைபேசி வைத்துக்கொள்ளாதவர்கள் அவர்களே. பங்குத்தொகை கட்டி, தறியில் அமர்ந்து, பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ வைத்தவர், ஒரு பட்டியலை ஏற்றிய குற்றத்தால் சங்கத்தின் கண்ணில் இல்லாதவராகிவிடுகிறார். பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு அவர் பெயருக்கு வராது.

இதற்குப் பரிகாரம் இரண்டு. மென்பொருள் இடம் கொடுக்குமாயின் கைபேசி எண்ணைத் திறவுகோலாகக் கொள்ளாமல் அங்கத்தினர் எண்ணைக் கொள்ளுமாறு அமைக்க வேண்டும். அங்கத்தினர் எண் ஒருவருக்கே உரியது; கைபேசியைப் போல் மாறாது. மென்பொருள் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், ஒரு கைபேசிக்கு ஒரு வரி என்று ஏற்றி, ‘இவ்வெண்ணைப் பகிர்வோர்’ என்று தனிப் பத்தி ஒன்று சேர்த்து, அதில் எல்லார் பெயரையும் அங்கத்தினர் எண்ணையும் எழுதிச் செய்தியில் இருவரையும் விளிக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே விரிதாளில் எண் பத்தியைத் தேர்ந்து, இரட்டித்து வருவனவற்றை நிறமிட்டுக் காட்டும்படி கட்டளையிட்டால், எத்தனை வீடுகள் இவ்வாறு உள்ளன என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எண் என்பது தொகை அன்று

விரிதாள் கணக்குப் போடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. எண்ணைக் கண்டால் கூட்டவும் கழிக்கவும் உரிய தொகை என்றே அது கருதும். கைபேசி எண்ணோ தொகை அன்று. இலக்கங்களால் எழுதிய பெயர். இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டால் பிழைகளில் பாதி விளங்கிவிடும்.

தொகைக்கு முன்னே நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை. ஆகவே விரிதாள் அதை நீக்கிவிடும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்க முன்னே சுழியம் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது; அதனால் பலர் எண்ணைச் சுழியத்தோடே எழுதிக் கொடுக்கிறார்கள். சிலர் நாட்டுக் குறியீடான 91ஐச் சேர்க்கிறார்கள். சிலர் ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவில் இடம் விடுகிறார்கள். பத்து இலக்கம் வரை விரிதாள் தொல்லை செய்வதில்லை. 91 சேர்ந்து பன்னிரண்டு இலக்கமானதும், அது விஞ்ஞானிகள் எழுதும் முறைக்குத் தாவி, 9.19 என்று தொடங்கி நடுவில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் கொண்ட ஒரு வடிவத்தைக் காட்டும். தாளில் காட்டுவது மட்டுமாயின் கவலையில்லை. பின்னே முழு எண் இருக்கும். அந்நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்துவிட்டால், கண்ணுக்குத் தெரிந்த வடிவமே கோப்பில் எழுதப்படும். கடைசி இலக்கங்கள் போனவை போனவைதாம்.

வங்கிக் கணக்கு எண்ணில் இதைவிடக் கொடிய பிழை உண்டு. எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைப்பதில்லை. பதினாறு இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். பார்வைக்குச் சரியான எண் போலவே இருக்கும் என்பதுதான் அபாயம்.

விவசாயிகளுக்கு உரியது புல எண். 12/3 என்று உட்பிரிவோடு தட்டினால் விரிதாள் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். கணினியின் அமைப்பு இந்திய முறையில் இருந்தால் மார்ச் 12. அமெரிக்க முறையில் இருந்தால் டிசம்பர் 3. 45/2 தப்பிவிடும், ஏனெனில் 45ஆம் தேதி கிடையாது. ஆகவே ஒரே பத்தியில் சில வரிகள் புல எண்ணாகவும் சில வரிகள் தேதியாகவும் நிற்கும். பின்னர் பொது எண்ணாக மாற்றிப் பார்த்தால் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஏதோ ஓர் எண் வரும். அது 1900ஆம் ஆண்டிலிருந்து எண்ணிய நாட்கணக்கு. அதிலிருந்து புல எண்ணை மீட்பதற்கில்லை. பட்டாவைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நம் எழுத்தர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உலகத்து உயிரியல் அறிஞர்களுக்கும் இதே கதி நேர்ந்தது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கப் பெயரை ஒத்த மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்தமையால், பெயரிடும் குழுவினர் 2020ஆம் ஆண்டில் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டனர். நாம் புல எண்களை மாற்ற முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். எண்களைத் தட்டத் தொடங்குவதற்கு முன்னர், கைபேசி எண், கணக்கு எண், புல எண் ஆகிய பத்திகளைத் தேர்ந்து அவற்றின் வகையை ‘டெக்ஸ்ட்’, அதாவது எழுத்து, என்று அமைத்துவிட வேண்டும். தட்டிய பிறகு அமைப்பதால் இழந்த இலக்கம் திரும்பாது. பிறர் அனுப்பிய சி.எஸ்.வி. கோப்பை இருமுறை தட்டித் திறக்கும் பழக்கம் வேண்டாம். திறந்த கணத்திலேயே மேற்சொன்ன மாற்றங்கள் எல்லாம் நடந்துவிடும். வெற்று விரிதாளைத் திறந்து, ‘டேட்டா’ என்னும் தலைப்பின்கீழ் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ என்னும் வழியே கோப்பைக் கொணர்ந்து, மேற்படிப் பத்திகள் எழுத்து வகை என்று சொல்லி ஏற்ற வேண்டும். 2023 முதல் எக்செலில் இத்தானியங்கி மாற்றங்களில் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதி வந்துள்ளது. முன்சுழியத்துக்கும் நீண்ட எண்ணுக்கும் அது உதவும். சாய்கோடிட்ட புல எண்ணுக்கு அதை நம்பியிருக்கலாகாது.

பிறகு பக்கத்துப் பத்தியில் ‘லென்’ என்னும் சூத்திரத்தை இட்டு, ஒவ்வொரு கைபேசி எண்ணின் நீளத்தையும் காணலாம். பத்து என்று வராத வரிகள் எல்லாம் விசாரணைக்குரியவை. பதினொன்று என்றால் முன்சுழியம். பன்னிரண்டு என்றால் 91. இருபதோ அதற்கு மேலோ என்றால் ஒரே கட்டத்தில் இரண்டு எண்களை எழுதியிருக்கிறார்கள். பார்வைக்குப் பத்தாக இருந்து சூத்திரம் பதினொன்று என்று சொன்னால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ நகலெடுத்த எண்களில் இது வழக்கம். அவ்விடைவெளி சாதாரண வகையினதாக இராமையால் ‘டிரிம்’ சூத்திரத்துக்கு அகப்படாமலும் போகும். அந்த வெற்றிடத்தையே நகலெடுத்து ‘ரிப்ளேஸ்’ கட்டளையில் இட்டு நீக்க வேண்டும். எண்கள் யாவும் ஒரே வடிவத்துக்கு வந்த பின்னரே 91 சேர்ப்பதா வேண்டாவா என்பதை மென்பொருளின் விருப்பப்படி முடிவு செய்யலாம்.

தமிழ் சிதையும் மூன்று விதம்

பெயர்ப் பத்தியில் தமிழ் சிதைந்துவிட்டது என்று சொல்வார்கள். எப்படிச் சிதைந்தது என்று கேட்டால்தான் நோய் புலப்படும். மூன்று விதங்கள் உள்ளன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, தாளில் அழகான தமிழாக இருந்தது மென்பொருளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் வருவது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியலுக்கு நேர்வது இது. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தே. எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. மென்பொருளுக்கு எழுத்துரு போய்ச் சேர்வதில்லை, வேஷம் கலைந்துவிடுகிறது. தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. எனினும் அதற்கு முன்பு தட்டிய பட்டியல்களும், பழைய பழக்கத்தில் பின்னர் தட்டியவையும் சங்கங்களின் அலமாரியிலும் கணினியிலும் இன்னும் உள்ளன. எழுத்துரு மாற்றிக் கருவியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, பெயர்களை ஒருவர் வாசிக்க மற்றொருவர் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரே பத்தியில் சில பெயர்கள் பாமினியிலும் சில வானவில்லிலும் இருந்தால் தனித்தனியே பிரித்து மாற்ற வேண்டும். இரண்டும் வேறு வேறு வேஷங்கள்.

இரண்டாவது, தலையில் கோடும் கொம்பும் முளைத்த அன்னிய எழுத்துகள் மும்மூன்றாக வருவது. இதில் கோப்பு பழுதாகவில்லை. படிப்பவர் தவறாகப் படிக்கிறார். யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று துண்டுகளாக எழுதப்படுகிறது. எக்செல் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிடுகிறது. பதறிச் சேமித்துவிடாமல் கோப்பை மூடிவிட்டு, மேலே சொன்ன ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியில் கொணர்ந்து, கோப்பின் மூலம் 65001 யூனிகோடு யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தால் தமிழ் முழுதாகத் திரும்பி வரும்.

மூன்றாவது, பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்பது. இதற்கு மருந்தில்லை. தமிழுக்கு இடமில்லாத சாதாரண சி.எஸ்.வி. வகையில் யாரோ சேமித்துவிட்டார்கள். ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாக மாற்றி எழுதப்பட்டுவிட்டது. மூலக் கோப்பு இருந்தால் பிழைத்தோம். ஆகவே சேமிக்கும்போது பட்டியலில் ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்று தெளிவாகப் பெயரிட்ட வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூலத் தாளைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

தமிழில் செய்தி அனுப்புவோர் நீளத்தையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து என்றால் தமிழுக்கு 70தான். அதிலும் ‘கூட்டுறவு’ என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. பட்டியலிலிருந்து பெயர் செய்திக்குள் வந்து அமர்வதால், நீண்ட பெயர் உடையவருக்கு 70ஐத் தாண்டி இரண்டு செய்தியாகிவிடும், கட்டணமும் இரட்டிக்கும்.

பத்தி தவறினால்

மென்பொருள் முதல் வரியைத் தலைப்பு வரியாகக் கொள்ளும். நம்மவர்களோ முதல் வரியில் சங்கத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் கட்டங்களை இணைத்துப் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டாம் வரியில் ‘தீபாவளி விற்பனைப் பட்டியல்’ என்று எழுதி, நான்காம் வரியில்தான் தலைப்பைத் தொடங்குகிறார்கள். அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு அது அழகு, ஏற்றுவதற்கு ஆகாது. அலங்காரங்களை நீக்கித் தலைப்பை முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும்.

சி.எஸ்.வி. கோப்பில் பத்திகளைப் பிரிப்பது காற்புள்ளி. விலாசத்துக்குள்ளும் காற்புள்ளி உண்டு. எக்செல் சேமிக்கும்போது அத்தகைய கட்டத்தை மேற்கோள் குறிக்குள் வைத்துவிடும். நோட்பேடில் கையால் தட்டியவரும், வேறு நிரலிலிருந்து எடுத்தவரும் வைப்பதில்லை. அப்போது தெருப்பெயர் ஒரு பத்தியாகவும் ஊர் அடுத்த பத்தியாகவும் பிரிந்து, கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் 601201 என்னும் அஞ்சல் குறியீடு வந்து நிற்கும். அச்சில் ஓரிழை தவறிப் புகுந்தால் அதற்கப்பாலுள்ள இழைகளெல்லாம் ஒரு பல் தள்ளிப் போவதை நெசவாளருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெயரிலும் சிக்கல் உண்டு. மென்பொருள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்கும். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துக் ‘கோ. முருகன்’ என்று எழுதுகிறோம். இடைவெளி கண்ட இடத்தில் மென்பொருள் இரண்டாகப் பிரித்து, ‘அன்புள்ள கோ.’ என்று கடிதம் எழுதிவிடும். அரசே என்று விளித்ததாகப் பொருள் கொண்டு மகிழ்வதற்குப் பெறுபவர் புலவராக இருக்க வேண்டும். முதலெழுத்தோடு கூடிய முழுப்பெயரையும் முதற்பெயர்ப் பத்தியிலேயே வைத்துக் குடும்பப் பெயரை வெற்றாக விடுவது நல்லது. ஊர்ப்பெயருக்கும் ஒரே எழுத்து முறையைக் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘பூண்டி’யை இரட்டை ‘ஓ’ இட்டு எழுதுவாரும் உண்டு. ரயில் நிலையத்தில் உள்ளபடி ‘யூ’ இட்டு எழுதுவாரும் உண்டு. மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள். கும்மிடிப்பூண்டி அங்கத்தினருக்கு மட்டும் என்று அனுப்பினால் பாதிப் பேருக்கே போகும்.

இனிச் சொல்லப் போவது எல்லாவற்றிலும் கேடானது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு சங்கத்துக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். காலை பத்து மணிக்கே திண்ணையில் ஆட்கள் கைபேசியும் கையுமாக நின்றிருந்தனர். கடனே வாங்காதவருக்குத் தவணை பாக்கி என்று செய்தி வந்திருந்தது. பாக்கி உள்ளவரின் தொகை அவருடைய சம்பந்தி வீட்டுக் கைபேசிக்குப் போயிருந்தது. நடந்தது இதுதான்: பெயர்களை அகரவரிசையில் அமைக்க விரும்பிய எழுத்தர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினார். ‘பக்கத்துப் பத்திகளையும் சேர்க்கலாமா’ என்று எக்செல் கேட்டது. வேண்டாம் என்று தட்டிவிட்டார். பெயர்கள் இடம் மாறின. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மென்பொருளுக்கு எந்தப் பிழையும் தெரியவில்லை. ஒவ்வொரு வரியும் முழுமையாக, பத்து இலக்கத்தோடு, குற்றமற்று இருந்தது. காரியதரிசி வீடு வீடாகச் சென்று சமாதானம் சொன்னார். ஒரு முதிய நெசவாளர் மட்டும் கடைசி வரை உள்ளே வரவில்லை. தம் பாக்கியை மருமகள் வீட்டார் அறிந்தபின் எந்தச் சமாதானமும் அவருக்குப் பயன்படவில்லை.

ஆகவே வரிசைப்படுத்துமுன் தாள் முழுவதையும் தேர்ந்துகொள்ள வேண்டும். மேலும் ஏற்றும் நாளில், பட்டியலின் தலையிலிருந்தும் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்துமாகப் பத்துப் பேரை எடுத்துப் பதிவேட்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அந்தப் பத்து வரிகளை மட்டும் முதலில் ஏற்றி, நிர்வாகக் குழுவினர் இருவர் மூவரின் கைபேசிக்கும் அதே செய்தியை அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றை ஏற்றலாம். கடன் பாக்கியை மட்டும் இவ்வழியில் அனுப்பவே கூடாது என்பது நம் அபிப்பிராயம். நேரில் சொல்ல வேண்டியதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

ஏற்றத் தகாதவை

விரிதாளில் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பத்திகளையும் ஏற்றிவிடுகிறார்கள். செய்தி அனுப்புவதற்கு அங்கத்தினர் எண், பெயர், ஊர், கைபேசி, மொழி ஆகிய ஐந்து போதும். ஆந்திர எல்லையை ஒட்டிய நம் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் அங்கத்தினரும் இருப்பதால் மொழிப் பத்தி அவசியமே. ஆதார் எண்ணுக்கும் வங்கிக் கணக்குக்கும் அங்கே வேலையில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு காரியத்துக்காகப் பெற்ற விவரத்தை அந்தக் காரியத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்னும் கொள்கையின்மேல் அமைந்தது. கண்காட்சியில் சேலை வாங்கியவர் ரசீதுக்காகக் கொடுத்த எண், விளம்பரத்துக்குக் கொடுத்த சம்மதம் ஆகிவிடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிகச் செய்தி அனுப்புவோர் தம் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்னரே பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

செய்தி வேண்டாம் என்று விலகியவர்களை மென்பொருள் தனியே குறித்து வைத்திருக்கும். பழைய தாளை மறுபடி ஏற்றும்போது, முன்பு பத்து இலக்கமாக இருந்த எண் இப்போது 91 சேர்ந்து வந்தால், அவர் புது ஆளாக உள்ளே வந்துவிடுவார். விலகியவர் பட்டியலையும் ஒரே எண் வடிவத்தில் வைத்து ஒப்பிட்ட பின்னரே ஏற்ற வேண்டும்.

இறுதியாக, கைபேசி எண் பத்தியில் வெற்றாகவே இருக்கும் வரிகள். மென்பொருள் இவற்றைத் தவிர்க்கும், அது முறையே. ஏற்றுவதற்கு முன்னர் அவ்வரிகளை வடிகட்டித் தனித்தாளில் அச்சிட்டு, ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்த ஊர் நிர்வாகக் குழு அங்கத்தினரிடம் ஒரு பிரதியும் சங்க அறிவிப்புப் பலகையில் ஒரு பிரதியும் வைத்து, அவர்களுக்கு மட்டும் அஞ்சலட்டை போட வேண்டும். குறுஞ்செய்தி போகும் நாளுக்கு நான்கு நாள் முன்னதாகப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் போய்ச் சேரும்.